கேட்பதற்கு ஓர் ஆள்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் ஒருவர் இறந்துவிட்டால் அந்தத் துக்கத்தை நடத்திவைப்பதற்கு எத்தனை முறைகள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாகவே இருக்கும். எழவு சொல்லிப் போக ஓர் ஆள், நீர்மாலை எடுக்கப் பங்காளிகள், கோடி போடச் சம்பந்தக்காரர், மாரடித்து ஒப்பாரி வைக்க ஊர்ப் பெண்கள், துட்டி கேட்க வந்தவர் சொல்ல வேண்டிய வார்த்தை இன்னது, வராமற் போனவர் கேட்டுக்கொள்ள வேண்டிய வசை இன்னது, பதினாறாம் நாளில் தலைப்பாகை கட்டுவது யார் யாருக்கு என்பது வரையில் எல்லாம் வகுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அழத் தெரியாதவனையும் அழவைத்து, அழுது தீராதவனையும் ஒருநாள் எழுப்பி வேலைக்கு அனுப்பிவிடுகிற சாமர்த்தியம் அந்தச் சம்பிரதாயங்களுக்கு உண்டு. ஆனால், இறக்காமலே, இறக்கப்போகிறோம் என்ற நிச்சயமும் இல்லாமலே, ஒரு சோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருக்கிறானே ஒருவன், அவனுடைய துக்கத்துக்கு நம்மிடம் எந்த முறையும் கிடையாது.

முறை இல்லாத இடத்தில் ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்கிறார்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு பந்துக்கள் பார்க்க வருகிறார்கள். "ஆளு பாதியாப் போயிட்டீகளே" என்று வாசலிலேயே ஒரு வார்த்தை. பிறகு, "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்று இன்னொரு வார்த்தை. அதற்குப் பிறகு, தங்கள் ஊரில் இதே நோய் கண்ட ஒருவர் எந்த ஊர்க் கஷாயத்தால் பிழைத்தார் அல்லது எத்தனை மாதத்தில் போய்ச் சேர்ந்தார் என்ற விருத்தாந்தம். வந்தவர்களுடைய அன்பைச் சந்தேகிக்க ஒரு காரணமும் இல்லை. உசிலம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒருவரைப் பார்க்க வருகிறவருக்கு அன்பில்லாமலா இருக்கும்? ஆயினும் அவர் இருந்த அரைமணி நேரத்தில் நோயாளி எத்தனை வாக்கியம் பேசினார் என்று கணக்கெடுத்தால் ஒன்றோ இரண்டோதான் தேறும். அவற்றிலும் ஒன்று, "காபி சாப்பிடுங்க" என்பதாக இருக்கும்.

புற்றுநோயோடு வாழ்கிறவர்களின் மனவேதனையைப் பற்றி எழுதப் புகுந்தவன் முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நமது பக்கத்தில் நோயாளியைத் தனியே விட்டுவிடுகிற வழக்கம் பெரும்பாலும் இல்லை. கட்டிலைச் சுற்றி நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். அந்த நாலு பேருக்கு நடுவில் அவன் தன் மனத்தில் இருப்பதைச் சொல்ல வழியில்லாமல் இருக்கிறான். காரணம், அந்த நாலு பேரும் அவனிடம் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மறைத்தல் எப்படி நடக்கிறது என்பது டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றாகத் தெரியும். சதை எடுத்துச் செய்த சோதனையின் முடிவு வந்த அன்று, தகப்பனாரை வெளியே பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் உள்ளே போகிறான். "அய்யாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு" என்று கையெடுத்துக் கும்பிடுகிறான். வெளியே வந்து, "சாதாரணக் கட்டிதான், கொஞ்ச நாள் கரண்டு வச்சாக் கரைஞ்சிரும்" என்று சொல்கிறான். தகப்பனாரோ, தாம் உட்கார்ந்திருக்கிற கட்டடத்தின் முகப்பில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர். படிக்கத் தெரியாதவராயினும், தம்மை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் அந்த இடத்துக்கு என்ன பெயர் சொன்னார் என்பதைக் கேட்டவர். பக்கத்தில் முடி கொட்டிய தலையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசி எல்லாவற்றையும் அறிந்துகொண்டவர். அவருக்குத் தெரியும். தமக்குத் தெரியும் என்பது மகனுக்குத் தெரிந்தால் அவன் உடைந்துபோவான் என்று அவரும் மறைக்கிறார். இப்படியாக ஒரு வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே ரகசியத்தை ஒருவருக்கொருவர் காத்து, இரவில் தனித்தனியே விழித்துக் கிடக்கிறார்கள். உயில் எழுத வேண்டியிருந்தால் எழுத முடிவதில்லை. பேசாமலிருக்கிற தம்பியைக் கூப்பிட்டுச் சமாதானம் செய்துகொள்ள முடிவதில்லை. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற மூன்று வார்த்தைகளைச் சொல்ல ஒரு மனிதர் அகப்படுவதில்லை.

இந்தப் பழக்கத்துக்கு நமது சினிமா ஒரு காவிய அந்தஸ்தையே கொடுத்துவிட்டது. 1962-இல் வெளிவந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' புற்றுநோய்க்காரன் ஒருவனின் ஆஸ்பத்திரி அறையைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அப்படத்தில் நோயாளியும் மனைவியும் டாக்டரும் மனம்விட்டுப் பேசத்தான் செய்தார்கள்; அதை அதன் சிறப்பு என்றே சொல்லலாம். இருபது வருஷம் கழித்து, 1982-இல், 'பயணங்கள் முடிவதில்லை', 'வாழ்வே மாயம்' என்ற இரண்டு படங்கள் ஒரே ஆண்டில் வந்து ஊரையே அழவைத்தபோது, கதாநாயகர்கள் இருவரும் தங்கள் நோயைக் காதலியிடம் மறைத்து, அவளை வெறுப்பதுபோல் நடித்து, தியாகிகளாகச் செத்துப்போனார்கள். மதுரைக் கொட்டகைகளில் அவற்றைப் பார்த்து அழுத தலைமுறைதான் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்து பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறது. நோயை மறைப்பது அன்பின் உச்சம் என்பதும், அந்த நோய் வந்தால் கடைசி ரீலில் சாவு நிச்சயம் என்பதும் அவர்கள் மனத்தில் எப்போதோ பதிந்துவிட்டன. கருப்பைவாய், மார்பு, வாய் ஆகிய உறுப்புகளில் வரும் புற்றை ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் பெரும்பாலோர் பிழைத்து நெடுங்காலம் வாழ்கிறார்கள் என்ற வைத்திய உண்மை அந்தப் பாட்டுகளோடு போட்டி போட முடியவில்லை.

நோயாளியிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயமல்ல. அறிந்துகொள்ள விரும்பாதிருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. தேர்ந்த ஆலோசகர் செய்வது வேறு: "உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்?" என்று முதலில் கேட்கிறார், "இன்னும் தெரிந்துகொள்ள விருப்பமா, அல்லது வீட்டாரிடம் பேசினால் போதுமா?" என்று அடுத்தபடி கேட்கிறார், பதிலுக்குத் தக்கபடி அளந்து சொல்கிறார், சொன்னபின் வாயை மூடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். மகனையும் தனியே அழைத்து, "நானாக வலியச் சொல்லமாட்டேன், ஆனால் அவராகக் கேட்டால் பொய் சொல்லும்படி என்னைக் கேட்காதீர்கள்" என்று பக்குவமாக எடுத்துரைக்கிறார். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தக் காரியம் பயிற்சி இல்லாதவருக்கு வராது. நூறு பேர் வரிசையில் நிற்கிற புறநோயாளர் பிரிவில், ஒரு நோயாளிக்குச் சில நிமிஷங்களே ஒதுக்க முடிகிற டாக்டரிடமிருந்து இதை எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

பெரிய தேசங்களிலும் இது மிகச் சமீபத்தில் வந்த ஞானமே. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் 1977-இல் மனநலப் பிரிவைத் தொடங்கிய ஜிம்மி ஹாலண்டு அம்மையார், தம் கணவர் உள்ளிட்ட புற்றுநோய் வைத்தியர்கள் நோயாளியின் உடம்பைப் பற்றி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அவருக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் கேளாமல் விடுவதைக் கண்டு இந்தத் துறையை வளர்த்தவர். அவர் காலத்தில் வழக்கத்துக்கு வந்த ஓர் உபாயம் மிக எளிமையானது: காகிதத்தில் ஓர் உஷ்ணமானியின் படம், அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து, கடந்த வாரத்தில் உங்கள் மனக்கஷ்டம் எவ்வளவு என்று நோயாளியே கோடு கிழிக்க வேண்டும், நாலோ அதற்கு மேலோ வந்தால் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய காரியம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வோ பதற்றமோ அதுபோன்ற பிறிதொன்றோ சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இருக்கிறது என்பது பல தேசத்து ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்களின் முடிவு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மனோதைரியம் இருந்தால் நோய் ஓடிவிடும் என்று சொல்லித் திரிகிறவர்கள் நம்மிடையே அதிகம். அவர்களுக்குச் சாஸ்திர பலம் அளிப்பதுபோல் 1989-இல் ஓர் ஆராய்ச்சி வந்தது. முற்றிய மார்புப் புற்று கொண்ட 86 பெண்களில், வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்று அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் என்பவர் எழுதினார். உலகமே பேசிற்று. 2001-இல் கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே மறுபடி சோதித்தபோது ஆயுள் நீளவில்லை. ஸ்பீகலே பிற்பாடு செய்த சோதனையிலும் அந்தப் பலன் மொத்தத்தில் கிட்டவில்லை. ஆனால் கூடிப் பேசிய கனடாப் பெண்களுக்கு மனக்கலக்கம் குறைந்தது, வலியின் உறுத்தலும் குறைந்தது. இவ்வளவு போதாதா? ஆலோசனை நோயைத் தீர்க்காது. நோயோடு இருக்கிற நாளைச் சகிக்கத் தக்கதாக்கும். "நீ தைரியமாக இல்லாததால்தான் மறுபடியும் வந்தது" என்று ஒரு நோயாளியிடம் சொல்வதைப்போல் கொடுமை பிறிதில்லை. புகையிலை போட்டவரிடம், "நீயாகத் தேடிக்கொண்டது" என்பதும், பெண்ணிடம், "என்ன பாவம் செய்தாயோ" என்பதும் இதற்கு உடன்பிறந்தவை.

காலம் தாழ்த்தலாகாது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சுவீடன் தேசத்தின் பதிவேடுகளைக் கொண்டு 2012-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்தில் தற்கொலை அபாயம் நோயில்லாதவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலாக இருப்பதைக் காட்டிற்று. நாள் செல்லச் செல்ல அது குறைகிறது. அதாவது, ஆள் தேவைப்படுவது அறுவைச் சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து, நோயாளி தலைகவிழ்ந்து பேச்சை விட்ட பிறகல்ல. சோதனைச் சீட்டு கைக்கு வந்த அன்று, அதே கட்டடத்தில். (இரவில் தூக்கமற்றுத் தவிக்கிறவர் எவரும் 14416 என்ற எண்ணை அழைக்கலாம், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, எந்நேரமும் தமிழில் பேச ஆள் உண்டு.)

நமது மாநிலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையின் சரித்திரமே ஒரு குடும்பத் துக்கத்திலிருந்துதான் பிறந்தது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்ததைக் கண்டு மனம் நொந்து, பல்லாண்டு முயன்று, மாதர் சங்கத்தின் துணையோடு 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அந்த ஸ்தாபனத்தை டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தார்கள். அங்கே புற்றுநோயாளரின் மனத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு தனித் துறை இயங்கிவருகிறது. ஆனால் அடையாறு மதுரையிலிருந்து ஓர் இரவுப் பயணம். தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் ஜில்லாக்களிலிருந்து வருகிற ஏழை நோயாளிகளுக்கு உள்ள இடம் பாலரெங்காபுரத்தில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தால் மருந்துச் செலவின் பாரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்பதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். கரண்டு வைப்பது என்று ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் வந்துபோக வேண்டியவர், கீமோவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டியவர் என்று ஒரே முகங்கள் ஒரே பெஞ்சிகளில் திரும்பத் திரும்ப உட்காருகின்றன.

அந்தப் பெஞ்சிகளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இருபதாம் நாள் கரண்டுக்கு வந்த பெண், முதல் நாள் வந்திருக்கிற பெண்ணிடம், வாய் எப்போது வெந்துபோகும், எதைக் கரைத்துக் குடித்தால் இறங்கும், எந்தத் துணி தோலில் உரசாது என்பதையெல்லாம் சொல்லித் தருகிறாள். மார்பை எடுத்தவள், எடுக்கப்போகிறவளுக்குத் தன் சேலைத் தலைப்பை ஒதுக்கித் தழும்பைக் காட்டி, "இம்புட்டுத்தான் ஆத்தா" என்கிறாள். கணவன் தன்னைத் தொடுவதில்லை என்பதையும், மாமியார் தட்டையும் தம்ளரையும் தனியே வைத்துவிட்டதையும், மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று இந்த நோயையே சம்பந்தி வீட்டாருக்கு மறைத்திருப்பதையும் அவள் தன் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாள். முன்பின் அறியாத மேலூர்க்காரியிடம் அந்தப் பெஞ்சியில் சொல்கிறாள். கனடாவில் வாரம் ஒருநாள் கூட்டி வைத்து நடத்திய காரியத்தை நம் பெண்கள் யாரும் சொல்லாமலே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஓர் அறையும், பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால் எவ்வளவு பிரயோஜனம்! ஆண்களின் பெஞ்சியில் இவ்வளவு நடப்பதில்லை. வாயிலும் தொண்டையிலும் நோய் கண்டு, மூக்கில் குழாயோடு, பேச்சே போனவர்கள் அதில் பலர். பேச முடிந்தவர்களும் அரசியலும் மழையும் பேசிவிட்டு எழுந்துபோகிறார்கள். பேச்சிழந்தவருக்கு ஒரு சிலேட்டும் பென்சிலும் கொடுத்து அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிற பொறுமையும் ஆலோசகரின் தொழிலைச் சேர்ந்ததே.

மனநல மருத்துவர்தான் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறாரே, அவரிடம் அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். கடுமையான மனச்சோர்வு கண்டு, தூக்கமும் பசியும் ஒழிந்து, உயிர்மேல் வெறுப்புத் தட்டியவருக்கு அவர் உதவியும் மாத்திரையும் இன்றியமையாதவை. ஆனால் எல்லோரையும் அங்கே அனுப்புவது நடக்கிற காரியமல்ல. "எனக்கென்ன பைத்தியமா?" என்ற ஒரே கேள்வியில் நோயாளி எழுந்துபோய்விடுவார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மனநோய் என்றாலே ஏர்வாடிச் சங்கிலி நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டதை இராமநாதபுரத்துக்கு அடுத்த ஜில்லாக்காரர்கள் மறந்துவிடவில்லை. ஆகவே ஆலோசகர் புற்றுநோய்ப் பிரிவுக்கு உள்ளேயே, காப்பீட்டு அட்டையைச் சரிபார்க்கிற ஜன்னலுக்கு அருகிலேயே, எல்லோரும் போய்த்தான் ஆக வேண்டிய வழியிலேயே இருக்க வேண்டும். பணக்கவலையிலிருந்துதான் பெரும்பாலோருடைய பேச்சு தொடங்கும். பஸ் சார்ஜுக்கு வழியில்லை என்று ஆரம்பித்தவர் அரைமணி கழித்து அழுவார்.

மதுரைக்கு இது புதிய வித்தையும் அல்ல. 1976-இல் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களில் சிலரை நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்லும் ஆலோசகர்களாகவே அமர்த்தியிருக்கிறார்கள். கத்தி வைத்தால் கண் போய்விடும் என்று நடுங்குகிற கிழவருக்கு, அவருடைய பேத்தி வயதில் இருக்கிற ஒரு பெண், அவருடைய பாஷையிலேயே, மாதிரிக் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குகிறாள். டாக்டரிடம் கேட்கக் கூசியதை அவர் அவளிடம் கேட்கிறார். கண்ணுக்குச் செய்ததைப் புற்றுக்குச் செய்வது அதைவிடக் கடினம் என்பது உண்மைதான். ஒன்றில் பார்வை திரும்பிவரும், மற்றதில் எதுவும் உறுதியில்லை. ஆயினும், ஆலோசகர் என்பவர் டாக்டராகவே இருக்க வேண்டியதில்லை என்பதையும், பட்டணத்துப் படிப்பைவிட ஊர்ப் பாஷை பெரிய மூலதனம் என்பதையும் இந்த நகரம் நிரூபித்து வெகுநாளாயிற்று. பயிற்சி யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது: மனநல மருத்துவர் இராமசுப்பிரமணியன் 1992-இல் நிறுவிய செல்லமுத்து அறக்கட்டளை இந்த நகரிலிருந்துதான் மனநலப் பணியாளர்களைத் தயாரித்து வருகிறது. கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளை வைத்துப் பராமரிக்கிற நேத்ராவதி மையமும் இங்கே உண்டு.

அரசாங்கத்தால் இயலுமா என்று கேட்பவர்களுக்கு அரசாங்கமே பதில் சொல்லியிருக்கிறது. 1986-இல் சென்னையில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு, அந்நோயின் பெயரைச் சொல்லவே ஊர் கூசிய காலத்தில், அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்று பெயரிட்டு ஆலோசகர்களை நியமித்தார்கள். சோதனைக்கு முன்னால் ஒரு பேச்சு, முடிவு வந்த பின்னால் ஒரு பேச்சு என்பது அங்கே கட்டாய விதி. சோதனைச் சீட்டை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிற வழக்கம் அந்த ஒரு நோய்க்காவது ஒழிந்தது. கிராமத்து லாரி ஓட்டுநரிடமும் அவர் மனைவியிடமும் அந்தரங்கமான விஷயங்களைக் கூச்சமின்றிப் பேசக் கற்ற ஆயிரக்கணக்கான மனிதர்களை அந்தத் திட்டம் உருவாக்கிற்று. அவமானத்துக்கு அஞ்சிய ஒரு நோய்க்கு இந்த ஏற்பாடு முடிந்தது என்றால், மரணத்துக்கு அஞ்சுகிற ஒரு நோய்க்கு ஏன் முடியாது? சதைச் சோதனையின் முடிவை ஆலோசகர் உடன் இல்லாமல் கையில் கொடுக்கலாகாது என்று ஒரே ஓர் உத்தரவு போட்டால், மற்றவை அதன் பின்னால் வரும். தொற்றாநோய்த் திட்டத்திலும் ஆலோசகர் பதவி இருக்கத்தான் செய்கிறது. உப்பைக் குறைக்கவும் நடக்கவும் சொல்வதோடு அவருக்கு நாள் சரியாகிவிடுகிறது.

வீட்டுக்குத் திரும்பியவர்களை யார் பார்ப்பது? 2021 ஆகஸ்டு முதல் நடக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர் வீடு தேடி வருகிறார். புண்ணைக் கட்டுகிறார், குழாயை மாற்றுகிறார். அவர் கையில் போதிய வலிநிவாரண மருந்து இருக்கிறதா என்பது முதல் கேள்வி, ஏனென்றால் வலியால் துடிக்கிறவனிடம் மனத்தைப் பற்றிப் பேசுவது அபத்தம். 'மார்ஃபின்' என்னும் வலிநிவாரண மருந்துக்கு இருந்த கெடுபிடிகள் 2014-இல் சட்டத் திருத்தத்தால் தளர்ந்தும், சிறிய ஊர்களுக்கு அது இன்னும் தாராளமாக எட்டவில்லை என்றே பலரும் குறைப்படுகிறார்கள். இரண்டாவது கேள்வி, கட்டைக் கட்டி முடித்த பிறகு கால்மணி நேரம் உட்கார அவருக்கு அவகாசம் உண்டா என்பது. குமுளி மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் இராஜகோபாலும் அவருடைய சகாக்களும் தொடங்கிய இயக்கம், அண்டை வீட்டாரையே பயிற்சி கொடுத்துத் தொண்டர்களாக்கி, உட்காருகிற அந்த வேலையை அவர்களிடம் ஒப்படைத்தது. 2008-இல் அம்மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. நம் பக்கத்தில் மகளிர் குழுக்களுக்குக் குறைவில்லை. பிழைத்துத் தேறியவர்களும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்கள்தாம் வெளியே சொல்வதில்லை.

பிழைத்தவர்களைப் பற்றியும், கூட இருந்து பார்த்தவர்களைப் பற்றியும் எவரும் நினைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு நாள் வருகிறபோதெல்லாம் பதினைந்து நாள் முன்பிருந்தே சோறு இறங்காமல் தவிக்கிறவரிடம், "எல்லாம் சரியாய்ப் போச்சே, இன்னும் என்ன?" என்று வீட்டார் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, வேலையை இழந்து, நகையை அடகு வைத்து, மாமனாரின் சளிக் கிண்ணத்தை அருவருப்பை விழுங்கிக்கொண்டு கழுவிய மருமகளுக்குக் கோபம் வருவது இயற்கை. சில இரவுகளில், இது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற எண்ணம் வருவதும் இயற்கை. அந்த எண்ணம் வந்ததற்காக அவள் பிறகு வருஷக்கணக்கில் தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறாள். இதை அவள் கணவனிடம் சொல்ல முடியுமா? பிறந்த வீட்டில் சொல்ல முடியுமா? ஆலோசகரின் அறையில் நோயாளிக்கு ஒரு நாற்காலி போட்டால் அவளுக்கும் ஒன்று போட வேண்டியது இதனால்தான்.

ஒன்றை மட்டும் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நம்பிக்கை மையத்து ஆலோசகர்களைத் தொகுப்பூதியத்தில், ஒப்பந்த அடிப்படையில், வருஷா வருஷம் நீடிப்புக்குக் காத்திருக்கும்படி வைத்திருக்கிறார்கள். அவர்கள் நிரந்தரம் கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நாள் முழுதும் மரண பயத்தைக் கேட்கிற ஓர் உத்தியோகத்தை அதே விதத்தில் ஏற்படுத்தினால், நல்லவர்கள் இரண்டு வருஷத்தில் களைத்துப்போய் வேறு வேலைக்குச் சென்றுவிடுவார்கள். அவர்களிடம் பாதி பேசி நிறுத்தியிருந்த நோயாளிகள் புதிதாய் வந்தவரிடம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். செவிலியருக்கு உள்ளதுபோல் நிரந்தரப் பதவியும், வாரம் ஒருமுறை மனநல மருத்துவரோடு உட்கார்ந்து தங்கள் பாரத்தையும் இறக்கிவைக்க ஒரு மணி நேரமும் அவர்களுக்கு ஏற்பாடாக வேண்டும். மதுரைக்கும் அதைச் சுற்றிய ஐந்து ஜில்லாக்களுக்குமாக முதலில் பத்துப் பதவிகள் போதும். ஓர் ஆஸ்பத்திரியின் யந்திரச் செலவோடு ஒப்பிட்டால் அந்தச் சம்பளம் ஒரு பொருட்டே அல்ல.